இருபத்தைந்துக்கு இருபத்தைந்து



ஸ்வயம் தளத்தில் என்.பி.டி.இ.எல். பாடம் படித்த நம் மாணவர் ஒருவருக்குச் சென்ற பருவத்தில் அறக்கட்டளை தேர்வுக் கட்டணம் கட்டியது. வாராந்தர அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண்; இருபத்தைந்தும் வாங்கியிருந்தார். மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வில் 75-க்கு 30 எடுத்தால்தான் சான்றிதழ். எடுத்தது 19. கூப்பிட்டுக் கேட்டேன். "வாட்ஸ்அப்பில் விடை வரும் மாமா, பார்த்துப் போட்டுவிடுவேன்" என்றார், மறைக்காமல்.

மேலே காய்ந்து உள்ளே நனைந்திருந்த தானியக் குவியலில் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதை வியாபாரிகளுக்கு மட்டும் சொன்னதாக நாம் வைத்துக்கொண்டோம்.

ஆனால் பிள்ளையை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மதிப்பெண்ணைக் காட்டினால்தான் அடுத்த உதவி என்று கறாராக நின்றது நாம்தானே? வீட்டிலும் "எத்தனை மார்க்?" என்பதுதான் கேள்வி. மகளுக்காகத் தானே உட்கார்ந்து விடை தட்டிய அத்தாவையும் எனக்குத் தெரியும்.

ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது: சொந்தமாக எழுதி 12 வாங்கும் பிள்ளைக்கும் கட்டணம் உண்டு. புரியாத பாடத்தை ஞாயிறு அஸருக்குப் பின் மதரஸா மாடிக்குக் கொண்டு வாருங்கள்; பொறியியல் முடித்த நம் பிள்ளைகள் இருவர் சொல்லித் தருவார்கள். அந்த மாணவரும் வருகிறார். மறுதேர்வுக் கட்டணத்தையும் கட்டிவிட்டோம்.