கழிப்பவரும் சுமப்பவரும்

தொழிலிலே நேரும் ஆபத்தைப் பற்றிப் பேச்செழும்போது துறைமுகமும் கற்குழியும் இயந்திரசாலையுமே பெரும்பாலும் நினைவுக்கு வருகின்றன. மேசையும் கதிரையும் கடுதாசியும் நிறைந்த கந்தோரை ஆபத்தான இடமென்று எவரும் எண்ணுவதில்லை. நாள்தோறும் அங்கே அமர்ந்து எழுதுபவருக்கு அவ்வெண்ணம் பெருமளவிற் பொருந்தும். ஆயினும், அக்கந்தோர் வேறிடத்துக்கு மாறும் நாளிலும், பல ஆண்டுக் கோப்புகள் கழிக்கப்படும் நாளிலும் அங்கே வேறு சிலர் வருகின்றனர். அலுமாரியை மாடிப்படியால் இறக்குபவர், உடைந்த கதிரைகளை லொறியில் ஏற்றுபவர், மூலையிற் கிடக்கும் குப்பையைப் பையிற் கட்டுபவர் ஆகிய இவர்களுக்கு அவ்விடம் புதிது. எந்தப் பெட்டியில் எது இருக்கின்றது என்பதை அவர்கள் அறியார். அறிந்தவரோ சொல்வதில்லை. இத்தொழிலில் நேரும் துன்பங்கள் பலவற்றுக்கு இந்த மௌனமே வித்தாகின்றது.

முதலிற் கவனிக்க வேண்டியது பாரம். தாள் ஒன்று காற்றிற் பறக்கும். ஆகவே காகிதம் பாரமற்றது என்று மனம் மயங்குகின்றது. 500 தாள்கள் கொண்ட ஏ4 காகிதக் கட்டு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் நிறையும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் உடையது. 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள லாச்சி ஒன்றிலே தாள்களை நெருக்கி அடுக்கினால் அத்தகைய 12 கட்டுகள் அடங்கும். அவற்றின் நிறை 30 கிலோகிராம். நான்கு லாச்சிகள் கொண்ட இரும்பு அலுமாரியில் இவ்வாறு 120 கிலோகிராம் காகிதம் சேர்ந்துவிடுகின்றது. இரும்பின் நிறை வேறு. பிரித்தானியாவிலே பாரந்தூக்குதல் பற்றி வெளியிடப்பட்ட வழிகாட்டல், ஆடவர் ஒருவர் இடுப்பளவு உயரத்தில், உடம்போடு அணைத்துத் தூக்குவதற்கே 25 கிலோகிராமை எல்லையாகக் குறிக்கின்றது. நிலத்திலிருந்து குனிந்தெடுத்தாலோ கைகளை நீட்டிப் பிடித்தாலோ அவ்வெல்லை மிகவும் குறைந்துவிடும்.

ஆகவே, அலுமாரியை நிறைந்தபடியே நகர்த்த முயல்வது முள்ளந்தண்டைப் பணயம் வைப்பதாகும். லாச்சிகளை மேலிருந்து கீழாக, ஒவ்வொன்றாகத் திறந்து வெறுமையாக்குதல் வேண்டும். நிறைந்த லாச்சிகள் இரண்டு மூன்றை ஒருங்கே இழுத்தால் பாரம் முன்னோக்கி வந்து அலுமாரி ஆள்மீது சாயும். மாடிப்படியிலே இருவர் சுமக்கும்போது கீழ்ப்படியில் நிற்பவர்மீதே பாரம் மிகுதியாக இறங்குகின்றது. போகும் வழியை முன்னரே ஒழித்துவைப்பதும், பெட்டிகளைச் சிறியனவாகத் தெரிவதும் செலவற்ற காவல்கள்.

பாரம் கண்ணுக்குத் தெரிவது. குப்பைப் பைக்குள் மறைந்திருப்பது தெரியாதது. உடைந்த கண்ணாடிக் குவளை, சவர அலகு, முதலுதவிப் பெட்டியிலிருந்து எறியப்பட்ட ஊசி முதலியன கடுதாசியோடு கலந்து கிடக்கும். பையைக் காலோடு சேர்த்துச் சுமப்பவருக்குத் தொடையிலும், கையால் அமுக்குபவருக்கு உள்ளங்கையிலும் காயம் உண்டாகின்றது. பையை வாய்ப்புறத்திற் பிடித்து, உடம்பினின்று விலக்கித் தூக்குதலே முறை. கண்ணாடியைத் தடித்த பெட்டியில் இட்டு, மேலே 'கண்ணாடி' என்று எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்ய வேண்டியவர் எறிபவரேயன்றிச் சுமப்பவரல்லர்.

நீண்ட குழாய் விளக்குகளின் உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. குழாய் உடைந்தால் அதன் ஆவி அறையிற் பரவும். அப்பொழுது யன்னல்களைத் திறந்து, அனைவரும் கால் மணி நேரமாவது வெளியே நிற்றல் நன்று. பின்னர்த் துண்டுகளைத் தடித்த அட்டையால் வாரி, எஞ்சிய தூளை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கொள்கலத்தில் இடுதல் வேண்டும். விளக்குமாற்றாற் கூட்டுவது நஞ்சைப் பரப்புவதாக முடியும். பழைய கணினிகளின் பெருத்த திரைக்குழாய்க் கண்ணாடியிலே ஈயம் கலந்திருக்கின்றது. கையடக்கக் கருவிகளின் லிதியம் பற்றரிகள் லொறியில் நசுங்கினால் தீப்பற்றக்கூடும்.

நெடுங்காலம் பூட்டிக் கிடந்த களஞ்சிய அறையிலே வேறு அபாயங்களும் உள. எலிக்காய்ச்சல் வயல் வேலை செய்வோருக்கே உரியதென்று பலர் கருதுகின்றனர். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பரவியபோது 7000க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளானோராகச் சந்தேகிக்கப்பட்டனர். எலியின் சிறுநீரால் மாசுபட்ட ஈரம் கையிலுள்ள சிறு கீறலைத் தீண்டினால், வயலிலாயினும் களஞ்சியத்திலாயினும் நோய் உட்புக வழி ஒன்றே. இனி, கூரையிலோ தடுப்புச் சுவரிலோ கல்நார்த் தகடுகள் இருந்தால் அவற்றை அடித்து உடைத்தல் ஆகாது. உடையும்போது எழும் நுண்ணிய நார் நெஞ்சுக்குள் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் சென்ற பின்னரும் புற்றுநோயாக வெளிப்படக்கூடும்.

சட்டம் இதற்கு என் செய்கின்றது என்று வினவலாம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அதன் பெயர் காட்டுவது போலவே, தொழிற்சாலைகளை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் விடுமுறையையும் சம்பளத்தையுமே சிறப்பாக ஒழுங்குசெய்தது. 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் காயம் நேர்ந்த பின்னர் உதவ வருவது. அவ்வுதவியைக் கேட்பதற்கும், தாம் யாருடைய வேலையாள் என்பதை ஒருவர் காட்டல் வேண்டும். கந்தோர் ஒப்பந்தக்காரரைக் காட்ட, ஒப்பந்தக்காரர் அன்றாடக் கூலி என்று கைவிரித்தால், கால் முறிந்தவர் எவரிடம் செல்வார்? பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் நடத்துபவர் தம் ஊழியரல்லாதாருக்கும் தமது தொழிலால் தீங்கு நேராமற் காக்கும் கடமை உடையவர் என விதித்தது. ஒரே வேலைத்தலத்தில் இரண்டு நிறுவனங்கள் ஒருங்கே தொழில் செய்யுமிடத்து, பாதுகாப்பிலே அவை ஒத்துழைத்தல் வேண்டுமென்று 1981ஆம் ஆண்டின் 155ஆம் சர்வதேசத் தொழில் உடன்படிக்கையும் கூறுகின்றது.

இவற்றின் கருத்தை நடைமுறைக்குக் கொணர்தல் கடினமன்று. வேலை தொடங்குவதற்கு முதல் நாள், கந்தோரின் பொறுப்பாளர் ஒருவரும் வேலையாட்களின் தலைவரும் அறை அறையாகச் சேர்ந்து நடத்தல் வேண்டும். பாரமானவை, உடையக்கூடியவை, நஞ்சுள்ளவை, கூர்மையானவை என்று ஒரு தாளில் எழுதி, அதனை வேலையாட்களுக்கு அவர்தம் மொழியிலே படித்துக் காட்டுதல் வேண்டும். தடித்த கையுறை, விரலைக் காக்கும் சப்பாத்து, கை கழுவச் சவர்க்காரம், காயம் பட்டால் ஏற்பு ஊசிக்கு அனுப்ப ஓர் ஒழுங்கு ஆகியவை விலைக்கேள்வியிலேயே இடம்பெறல் வேண்டும். மிகக் குறைந்த விலை கூறியவருக்கே வேலை என்றால், முதலில் மறைவது கையுறையே.

கழிவு கந்தோர் வாசலைக் கடந்ததும் ஒழிந்துவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளிலே, கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. எவரோ கழித்தது எவர்மீதோ விழும் என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. கழிப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியும், சுமப்பவருக்குத் தெரியாது. தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், காலையில் வந்த அந்த வேலையாள் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்புவார்.