ஆட்சி மன்றத்திலிருந்து அண்ணாமலை நகருக்கு



பதவி இழந்த அரசியலாளருக்குத் துணைவேந்தர் நாற்காலி ஓய்வுத் திண்ணையா, பணிக்களமா என்னும் வினா தமிழகத்தில் நெடுநாளாக உண்டு. பொதுப்படப் பேசுவதை விடுத்து ஒருவர் வாழ்வை வைத்து அதனை ஆராய்வது நன்று. அவர் 1892 இல் கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

கோவைக்காரருக்குச் சேலத்து மேடையில் என்ன இடம் எனலாம். டில்லி மத்தியச் சட்டமன்றத்தில் அவர் அமர்ந்திருந்தது சேலம், கோயமுத்தூர், வட ஆர்க்காடு ஆகியவற்றை ஒன்றாகப் பிணைத்த தொகுதியின் உறுப்பினராகவே.  ஆகவே அவர் இம்மண்ணுக்காகவும் பேசியவர்.

நீதிக்கட்சி, சுயராச்சியக் கட்சி என இரு பாசறைகளிலும் நின்றவர் அவர். 1933 இல் மத்தியச் சட்டமன்றத்தின் தலைவரானார். ஒட்டாவா மாநாட்டில் இந்தியப் பேராளராக அமர்ந்து பேரரசு வணிக உடன்படிக்கைக்குத் துணை நின்றமை தேசியவாதிகளின் கடுஞ்சினத்தைக் கிளறியது. 1934 தேர்தலில் தோற்றார். அவ்வாண்டிலேதான் மேட்டூர் அணையும் கட்டி முடிந்தது. தொகுதியின் ஆற்றைத் தேக்கிய ஆண்டே உறுப்பினரையும் தேக்கிவிட்டது! எனினும் 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக விளங்கினார். 1944 இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்கும் சென்றார். விடுதலை பெற்ற நாட்டின் முதல் நிதியமைச்சராக 1947 நவம்பர் 26 அன்று அவர் அளித்த வரவு செலவுத் திட்டத்தில் வரவு 171 கோடி, செலவு 197 கோடி. பிரிவினைத் துயரின் நடுவே ஏழரைத் திங்களுக்கென வகுத்த கணக்கு அது. மறு ஆண்டு ஆகஸ்டில், வருமான வரி விசாரணைக்கு உரிய சில வழக்குகள் திரும்பப் பெறப்பட்டமை குறித்துக் கண்டனம் எழ, பதவி துறந்தார்.

இத்தகைய வாழ்க்கையின் பின்னரே 1951 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அப்பல்கலைக்கழகத்தின் பிறப்பிலும் சேலத்து மண்ணுக்குப் பங்குண்டு. அதற்கான சட்டம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிய காலத்தில் முதல் அமைச்சராக இருந்தவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். அரசியலாளர் அங்குத் தலைமை ஏற்பதும் புதுமையன்று. வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1937 இல் சில திங்கள் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த கே.வி. ரெட்டி நாயுடு, சென்னைச் சட்டமன்றத் தலைவராக இருந்த எம். ரத்தினசாமி எனப் பலர் முன்னரே அந்த இருக்கையில் அமர்ந்தவர்கள்.

இவர்களிடையே சண்முகம் செட்டியாரைத் தனித்துக் காட்டுவது அவர் ஏறிய பதவிகளன்று; சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு அவர் எழுதிய உரையே. திவான் பதவியும் மாநாடுகளும் ஆலை வணிகமும் சூழ்ந்த வாழ்வில் அவர் அதனைச் செய்தார். புகார்க் காண்டம் பொழுதுபோக்காய்க் கற்கத்தக்கதன்று. அரங்கேற்று காதை ஒன்றே போதும். ஆடலாசான் முதல் யாழாசிரியன் ஈறாக ஒவ்வொருவர் அமைதியையும் இளங்கோ அடுக்கிச் செல்கையில், அடியார்க்கு நல்லார் துணையின்றி ஓரடியும் பெயர்க்க இயலாது. இசையறிவு இல்லாதார் அங்கே தடுக்கி விழுவர். தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் என்பதால் அவருக்கு அந்தக் காதையில் தனி ஈடுபாடு இருந்திருக்கக் கூடும். புகாரின் பெருங்குடி வணிகன் மகன் கதையை ஒரு வணிகக் குடும்பத்து மகன் கற்றது இன்னும் பொருத்தம். மேட்டூரிலும் மோகனூரிலும் நாம் காணும் காவிரியே அந்தப் புகாரில் கடல் புகுகிறது.

தமிழ்ப் புலவர் சிலருக்கு இத்தகைய உரையில் குறை காண்பது எளிது. ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, சட்டம் பயின்று, நிதிக் கணக்கில் உழன்றவர் புலவர் முறையில் பயிலவில்லை என்பார்கள். ஆயினும் பல்கலைக்கழகத்தின் வாயிலில் அவர் காட்டத்தக்க சான்று, ஆட்சியாளரின் பரிந்துரைக் கடிதமன்று. ஒரு நூலுடன் தனித்திருந்து உழைத்த உழைப்பு. துணைவேந்தராக வந்தபின் புலமை தேடுவோரையும், வந்தபின் புலமைப் பட்டம் பெற்றுக்கொள்வோரையும் கண்டிருக்கும் நம் காலத்தில் இந்த வரிசைமுறை கவனிக்கத்தக்கது. அவர் முதலில் கற்றார். பதவி பின்னரே வந்தது.

அவர் அங்கு இருந்தது ஓராண்டு அளவே. 1952 இல் அப்பொறுப்பு முடிந்தது. அத்துணைக் குறுங்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் போக்கு மாறிவிட்டது என எழுதினால் அது புகழுரை, வரலாறாகாது. 1953 மே 5 அன்று அவர் மறைந்தார். அவருக்குப் பின் அந்த இருக்கைக்கு வந்தவர் சி.பி. ராமசாமி ஐயர், அவரும் திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர்தாம்.