தழும்பு சொல்லும் கணக்கு
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



2020 மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்நாளில் தினந்தோறும், "இன்று கோவிட் கண்டவர் இத்தனை பேர்" என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் சேராதவர்கள் யார்? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தோட்டத்தில் பிரட்டு எடுப்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். வந்து நிற்பவர்களைத்தான் கங்காணி எண்ணுவார். லயத்தில் படுத்திருப்பவர் அதில் வருவாரா? வரமாட்டார். நோய்க் கணக்கும் அப்படித்தான். சோதனைக்கு வந்தவர்களில் கிருமி இருந்தவர்களை மட்டுமே அது எண்ணியது. 2020 நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களை மொத்தமாகச் சோதித்த பிறகே, ஆயிரக்கணக்கானோருக்கு நோய் இருப்பது தெரிந்தது.

காய்ச்சலே தெரியாமல் வந்து போனவர்களை எப்படி எண்ணுவது? அதற்கும் வழி உண்டு. கிருமி நுழைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. ஒன்றிரண்டு வாரத்தில் எதிர்ப்பொருள் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. நோய் போன பிறகும் அது பல மாதம் இரத்தத்தில் தங்கும். பால் மரத்துப் பட்டையில் தழும்பு இருந்தால், வெட்டியவரைப் பார்க்காமலே வெட்டு நடந்தது தெரியுமல்லவா? அது போலத்தான். பட்டை வளர்ந்து தழும்பு மறைவது போல, எதிர்ப்பொருளும் நாளாக ஆகக் குறையும்.

தடுப்பூசி வருமுன், 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டில் 26,000க்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. மாநிலம் முழுமைக்கும் கணக்கிட்டால் இரண்டு கோடிக்கும் மேல்! பதிவான நோயாளிகளோ நவம்பர் முடிவில் எட்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. நீலகிரி மலையில் நூற்றுக்குச் சுமார் 11, பெரம்பலூரில் சுமார் 50.

இத்தனை கோடிப் பேருக்கு 26,000 பேர் போதுமா என்பீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் மேலாக மட்டும் அள்ளக் கூடாது. கிளறிப் பார்க்க வேண்டும். பணக்காரர் தெரு, ஏழைக் குடிசை, பட்டணம், பட்டிக்காடு எல்லாம் கலந்து எடுத்தால்தான் உண்மை தெரியும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1998, 1999இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது புதிய கிருமி என்று கண்டார்கள். அதுவே நிப்பா. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பிறகு பழந்தின்னி வௌவால்களின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கவே, கிருமியின் இருப்பிடமும் புலப்பட்டது.

ஒன்று மறக்காதீர்கள். எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் இனி நோயே வராது என்று பொருளல்ல. இல்லை என்றால் நோய் வந்ததே இல்லை என்றும் பொருளல்ல.

பெற்றோர்களே! ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலை மறைக்காதீர்கள். ஊர் என்ன பேசுமோ என்றும் அஞ்சாதீர்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவருக்குச் சம்பளம் இல்லை. கணக்கில் வராத நோயாளிக்கு மருந்தும் கட்டிலும் ஒதுக்குவார் இல்லை. நாளை இரத்தச் சோதனைக்கு ஆள் வந்தால், கையை நீட்டுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டுத் தெரிந்தும் கொள்ளுங்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். உங்களில் சிலராவது நாளை அந்தச் சோதனைக்கூடத்தில் நிற்க வேண்டும்.