நேபாளத்தில் யார் இந்து?

முக்திநாத் யாத்திரை போய் வந்தவர் உங்கள் தெருவிலேயே ஒருவராவது இருப்பார். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிற கோயில் அது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான் என்பது வைணவர் நம்பிக்கை. 108 மாட்டுமுகத் தாரைகளிலும் தலையைக் கொடுத்து, குளிரில் வெடவெடத்துக்கொண்டே பெருமாளைச் சேவிக்கப் போனால், அங்கே சன்னிதியைப் பார்த்துக்கொள்பவர்கள் பௌத்தப் பிக்குணிகள்! திபெத்திய பௌத்தர்களுக்கும் அது புனிதத் தலம். பெருமாளுக்கும் இதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

காத்மாண்டுவில் வாழும் தெய்வமான குமாரியாக வீற்றிருக்கும் சிறுமியும் நேவார் சாக்கிய குலத்து பௌத்த வீட்டுப் பெண்தான். இந்துக்கள் அவளைத் தலேஜு அம்மனாக வணங்குகிறார்கள். முன்பு மன்னர் அவளிடம் திலகம் பெறுவார். 2008இல் மன்னராட்சி ஒழிந்தது. இப்போது இந்திர ஜாத்திரையன்று குடியரசுத் தலைவர் போகிறார்.

இப்படிக் கலந்து வாழும் ஊரில், 'உன் மதம் என்ன' என்று கணக்கெடுப்புக்காரர் கேட்டால்? 1981இல் இந்துக்கள் 89.5 சதவீதம். 2001இல் 80.6. அதற்காகக் கோயில்கள் காலியாகிவிடவில்லை. மக்களாட்சி கேட்டு நடந்த 1990 மக்கள் போராட்டத்துக்குப் பிறகு வாய்திறக்கத் துணிவு வந்தது. அதுவரை இந்து என்று எழுதப்பட்டுவந்த ராய், லிம்பு மக்கள் பலர் தங்கள் சமயம் கிராதம் என்றார்கள். மகர், குருங் மக்களில் பலர் பௌத்தம் என்றார்கள்.

2006இல் நாடு மதச்சார்பற்றதாக அறிவிக்கப்பட்டது. 2015 அரசியல் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் அதே மூச்சில், தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அதில் அடங்கும் என்கிறது. அதன் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. தானாக மாறுவது குற்றமில்லை. ஆனால் ஒரு போதகர் பேசியது வெறும் பிரசங்கமா, ஆள்பிடிப்பா என்று முதலில் முடிவு செய்பவர் போலீஸ்காரர்தான். எனக்கு இது நல்ல ஏற்பாடாகப் படவில்லை.

மீண்டும் இந்து நாடு வேண்டும் என்று ராஷ்ட்ரிய பிரஜாதந்திரக் கட்சி கேட்டுவருகிறது. அந்தக் கோரிக்கையை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது கிறிஸ்தவர்களை. 2021 கணக்கில் கிறிஸ்தவர்கள் 1.76 சதவீதம், கிராதர் 3.17. தன் பாட்டன் கும்பிட்ட தெய்வத்தைத்தான் கும்பிடுகிறேன் என்று சொல்லும் லிம்பு விவசாயியை மதம் மாற்றியது யார் என்று, எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடுவது?