உறையின் வகையறிவோம்

(திருவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெகிழி உறைகளின் வகைகளையும் அவற்றின்மீது உற்பத்தியாளருக்கு உள்ள பொறுப்பையும் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். தமிழாசிரியருக்கு இத்தலைப்பில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வகைப்படுத்துவது இலக்கணத்தாரின் தொழில். தொல்காப்பியர் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுத்தார். ஒரு சொல்லின் வகை தெரிந்தால்தான் அது தொடரில் எவ்வாறு இயங்கும் என்பது விளங்கும். உறைக்கும் அஃதே. அதன் வகை தெரிந்தால்தான் நம் கையைவிட்டு நீங்கியபின் அது எங்கே போய்ச் சேரும் என்பது விளங்கும்.

வாழையிலையும் மந்தாரை இலையும் பனையோலைக் கொட்டானும் சணற்கோணியும் பொருள்களைப் பொதிந்து தந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை. இலை மண்ணோடு கலந்தது. கோணி பலமுறை பயன்பட்டது. நெகிழி வந்தபின் ஈரம் புகாமல், எடை கூடாமல், குறைந்த செலவில் பொருளைக் காக்க முடிந்தது. நம் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறையின் முன்னோடி என்று போற்றப்படுகிறார். பெரிய புட்டியை வாங்க இயலாத ஏழையும் ஒருநாள் தேவைக்கு மட்டும் வாங்க அம்முறை வழிசெய்தது. அது சிறிய நன்மையன்று. ஆனால் உள்ளிருக்கும் பொருள் ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. உறையோ தீராமல் கிடக்கிறது. அதற்குப் பொறுப்பு யாருடையது?

வாங்கியவருடையது என்றோ ஊராட்சியுடையது என்றோதான் உலகம் நெடுநாள் கருதியது. செய்தவருக்கும் அப்பொறுப்பு உண்டு என்ற கருத்தை 1990ஆம் ஆண்டு சுவீடன் நாட்டறிஞர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் முன்வைத்தார். இதுவே ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ எனப்படுகிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் இக்கருத்து இடம்பெற்றது. 2022 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டு நெறிகள் அதற்குத் தெளிவான வடிவம் தந்தன. உறை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், தம் வணிகப் பெயரில் பொருளை விற்பவர் ஆகிய மூவகையினரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சந்தைக்கு அனுப்பிய நெகிழிக்கு ஈடாகக் கழிவைத் திரட்டி மறுசுழற்சி செய்வித்ததற்குச் சான்றும் காட்ட வேண்டும்.

அந்நெறிகள் உறைகளை நான்காகப் பகுத்தன.

முதல் வகை, விறைப்பான நெகிழி. தண்ணீர்ப் புட்டி, எண்ணெய்க் கேன், நெய் டப்பா போன்றவை இதில் அடங்கும். பழைய பொருள் வாங்குபவர் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இவ்வகையைத்தான்.

இரண்டாம் வகை, வளையும் நெகிழி. பால் உறை, கைப்பை, நெகிழித் தாள் ஆகியவை இதன்பாற்படும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓர் உறையில் பல அடுக்குகள் இருந்தாலும் அவை அனைத்தும் நெகிழியாகவே இருப்பின், அது இரண்டாம் வகையே.

மூன்றாம் வகை, கலப்பு அடுக்கு உறை. நெகிழி ஓர் அடுக்காகவும், அலுமினியத் தகடு, காகிதம் போன்ற வேறொரு பொருள் மற்றோர் அடுக்காகவும் இணைந்திருப்பது இது. மணம் போகாமல் காக்கும் அலுமினியத் தகடு பொருத்திய காப்பித்தூள் உறை இதற்குச் சான்று. அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கடினமாகையால் இதனை மறுசுழற்சி செய்வதும் கடினம்.

நான்காம் வகை, உரமாகும் நெகிழியாலான தாளும் பையும். தொழில்முறை உரக்கூடங்களின் வெப்பத்தில் மக்குமாறு செய்யப்படுபவை இவை. தெருவோரத்தில் எறிந்தால் அவ்வாறு மக்கும் என்று கொள்ளலாகாது. தோற்றத்தில் இரண்டாம் வகையை ஒத்திருப்பதால் அதனோடு கலந்து மறுசுழற்சியையும் கெடுத்துவிடும். மக்கும் நெகிழி பின்னர்த் தனியொரு வகையாகச் சேர்க்கப்பட்டது.

இப்பகுப்பில் ஓர் உண்மை புலனாகிறது. உள்ளே இருப்பது மிட்டாயா மருந்தா என்று விதி கேட்கவில்லை. உறை எதனால் ஆனது, மீண்டும் பயனுக்கு வருமா என்றுதான் கேட்கிறது. எனவே, உறையின் விதி குப்பைத் தொட்டியில் தீர்மானிக்கப்படுவதன்று. அதனை வடிவமைக்கும் மேசையிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

இலக்குகளும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. 2024-25ஆம் ஆண்டில் முதல் வகைக்குக் குறைந்தது 50 விழுக்காடும், இரண்டாம் மூன்றாம் வகைகளுக்கு 30 விழுக்காடும் மறுசுழற்சி செய்யப்பட வேண்டும் என்பது விதி. 2027-28 முதல் இவை முறையே 80, 60 என உயர்கின்றன. புதிய உறையில் மறுசுழற்சி செய்த நெகிழியும் கலந்திருக்க வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக்கு அவ்வளவு முதல் வகையில் 30, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 5 விழுக்காடு. எண்கள் இறங்க இறங்க அவ்வகையின் இடர்ப்பாடு கூடுகிறது என்று உணரலாம். மறுசுழற்சி செய்ய இயலாதவை மட்டுமே சாலை அமைக்கவும், சிமெண்ட் ஆலைகளில் எரிபொருளாகவும் செல்லலாம்.

சட்டம் இருந்தால் போதுமா? 2023ஆம் ஆண்டில் மறுசுழற்சி செய்ததாகக் காட்டும் இலட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்களை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டறிந்தது. தாளில் கணக்கு நேரானது. தெருவில் உறை அப்படியே கிடந்தது. கடமை கணக்காகச் சுருங்கினால் விளைவு இதுதான்.

இங்கு அமர்ந்திருப்போரில் வணிகர்கள் பலர். சொந்தப் பெயரில் பொருள் விற்கும் குறு, சிறு நிறுவனங்களை இவ்விதிகள் வணிகப் பெயர் உரிமையாளருக்குரிய கடமையினின்று விலக்கியுள்ளன. சட்டம் விலக்கியது என்பதற்காகத் தெரிவும் நம் கையைவிட்டுப் போய்விடவில்லை. ஊறுகாய்க்கும் இனிப்புக்கும் உறை வாங்கும்போது, “இது எவ்வகை? இதன் அடுக்குகள் எவை? பதிவெண் அச்சிடப்பட்டுள்ளதா?” என்று விற்பவரைக் கேளுங்கள். ஒரே வகை நெகிழி போதுமான இடத்தில் பளபளப்புக்காக அலுமினியம் சேர்ந்த உறையைத் தேர வேண்டா. சாதாரண நெகிழிக் கைப்பைகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடிமன் பாராது தடைசெய்துள்ளது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘எங்கள் பை 120 மைக்ரான்’ என்ற விடை இங்கே செல்லாது.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் உறையைக் கழுவி உலர்த்தித் தனியே வையுங்கள். உறையின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல் உறையோடு ஒட்டியிருக்குமாறு வெட்டுங்கள். அச்சிறு துண்டை எவராலும் பொறுக்கியெடுக்க இயலாது. எச்சில் உணவோடு கலந்த உறையைத் தூய்மைப் பணியாளர் தம் வெறுங்கையால் பிரிக்க நேர்கிறது என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

அடுத்து வரும் விழாவில் நம் அன்னதானக் கூடமும் பிரசாத விநியோகமும் எவ்வகை உறையில் நடக்க வேண்டும் என்று இவ்வறக்கட்டளை இப்போதே முடிவெடுக்கட்டும். வாங்கும் பட்டியலில் பொருளின் பெயருக்கு எதிரே உறையின் வகையையும் எழுதுங்கள். அந்த ஒரு கூடுதல் பத்தியே இவ்வுரையின் பயனாக அமையும்.