நிலா ஜாடி

ஜப்பானின் ஒசாகா நகரில் கீழைநாட்டுப் பீங்கான் அருங்காட்சியகம் ஒன்று உண்டு, 1982இல் திறந்தது. கொரியப் பீங்கான்களுக்குப் பெயர்போனது.

அங்குள்ள வெள்ளை ‘நிலா ஜாடி’யைப் பற்றிச் சொல்கிறேன். அவ்வளவு பெரிய ஜாடியை ஒரே மூச்சில் வனைந்தால் ஈரக் களிமண் சரிந்துவிடும். அதனால் ஜோசன் காலக் குயவர்கள் இரண்டு கிண்ணங்களாக வனைந்து, வாயோடு வாய் பொருத்திச் சூளையில் வைத்தார்கள். உருண்டை சற்றுக் கோணலாகத்தான் வரும். கொரியர்களுக்கு அந்தக் கோணலே அழகு.

முன்பு நாரா நகரின் தோதைஜி கோயிலில் அது இருந்தபோது, 1995இல் திருட வந்தவன் போட்டு உடைத்துவிட்டான். 300க்கும் மேற்பட்ட துண்டுகள்! தூளைக்கூட விடாமல் திரட்டி, மறுபடி முழு ஜாடியாக்கிவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் ஊறுகாய் ஜாடி இருந்தால், விளிம்பு உடைந்ததென்று குப்பைக்கு அனுப்பிவிடாதீர்கள்.