அரிக்கும் கண்ணுக்கு லென்ஸ் போடலாமா?

மழை ஓய்ந்ததும் சாலையோரமெல்லாம் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடி பிறந்தால் காற்றும் புழுதியும். இந்த மாதங்களில் எங்கள் கண் பரிசோதனை அறைக்கு வருகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்லிவிடுவார்கள்: "மேடம், கான்டாக்ட் லென்ஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை." போன மாதம் வரை ஒத்துக்கொண்டதுதானே அது?

கண்ணீரைப் பற்றிச் சொன்னால் காரணம் புரியும். கண்ணில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. அழாதபோதும் கண்ணின்மேல் கண்ணீர் மெல்லிய படலமாக இருக்கிறது. மொத்தமாக எடுத்தால் ஒரு சொட்டுகூடத் தேறாது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். ஒவ்வொரு முறையும் இமை அதைப் புதிதாகப் பூசி, பழையதை மூக்கோரம் இருக்கும் நுண்துளைக்குள் தள்ளிவிடுகிறது. அழும்போது மூக்கு ஒழுகுகிறதே, அது இந்த வழியில் வருவதுதான். மகரந்தம் விழுந்தாலும் இப்படியே கழுவிப் போய்விடும். லென்ஸ் போட்டால், போக வேண்டிய தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணீரின் புரதமும் கொழுப்பும் அதன்மேல் படிகின்றன. மேல் இமையின் உட்புறம் நாள் முழுக்க அதில் உரசுகிறது. இமையைத் திருப்பிப் பார்த்தால், வழவழப்பாக இருக்க வேண்டிய இடம் சின்னச் சின்னதாகத் தடித்துக் கிடக்கும்.

பரதநாட்டியம் ஆடும் ஒரு கல்லூரி மாணவி இப்படித்தான் வந்தாள். கண்ணாடியோடு மேடையேற முடியாது. மாத லென்ஸ் போடுகிறாள். இரவில் லென்ஸ் டப்பாவில் இருக்கும் பழைய சொலூஷனைக் கொட்டாமல், அதன்மேலேயே புதிதைக் கொஞ்சம் ஊற்றி வந்திருக்கிறாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கழுவுவதும் இல்லை. தடிப்பு அடங்கும்வரை லென்ஸ் வேண்டாம் என்றார் எங்கள் கண் டாக்டர். பிறகு டெய்லி லென்ஸுக்கு மாற்றினோம். காலையில் புதிது, இரவில் குப்பைக்கூடை. படிவு சேர நேரமே இல்லை. ஒத்திகைக்குக் கண்ணாடி, மேடைக்கு லென்ஸ் என்று அவளே பிரித்துக்கொண்டாள். செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. முடியாதவர்கள் அரிப்புக் காலம் முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

கண் அரித்தால் கசக்காதீர்கள். கசக்கக் கசக்க ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் இன்னும் சுரந்து அரிப்பு ஏறும். லென்ஸைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மேல் வையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த அலர்ஜி சொட்டு மருந்தை லென்ஸ் போடும் முன் விட்டு, குறைந்தது 10, 15 நிமிடம் பொறுங்கள். மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருளை மென்மையான லென்ஸ் உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று, மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வையையே பறிக்கலாம். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

முடிக்கும் முன் சில எச்சரிக்கைகள். லென்ஸிலோ டப்பாவிலோ குழாய்த் தண்ணீர் படக்கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கலாம். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அரித்தால் அலர்ஜியாக இருக்கலாம். வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள், பரிசோதனைக்கு உதவும். வரும் காற்றுக்காலம் உங்கள் கண்களைத் தொந்தரவு செய்யாமல் போகட்டும்.